இல்லாத மாடியில் குடியிருந்த ஆள்

அத்தியாயம் 6

காலை ஒன்பதரைக்கு வாசலில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. வந்த பெண்மணியின் தலை பெயர்ப்பலகையில் இடித்த சத்தம்.

துப்பறிவாளர் மட்டக்கோல் தலையை நிமிர்த்தவில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் இடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஆறடிக்கு நாலடிப் பலகை. அதற்குப் பின்னாலிருந்த அலுவலகம் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அலுவலகம் என்று அவர் சொல்லிக்கொள்வது அவருடைய வீட்டு முன்னறையை. வீடு மனைவி பேரில் இருந்தது, பலகை மைத்துனன் எழுதியது. அவருக்கென்று அங்கே இருந்தவை ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு தொப்பியும்தான்.

மட்டக்கோல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பதினெட்டு வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர் அவர். அவர் கட்டிய சுவர்கள் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்து நிற்கும். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கோலின் பேரையே கூட வேலை செய்தவர்கள் நக்கலுக்கு வைக்க, அது ஒட்டிக்கொண்டது. "உன் சுவருக்கு இருக்கற ஆர்வம் உனக்கும் இருந்தா நீ துப்பறியவே போகலாம்யா" என்று சொல்லி ஒருநாள் மேஸ்திரி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். திட்டு என்று புரியாமல் அதை யோசனையாக எடுத்துக்கொண்ட ஒரே கொத்தனார் அவராகத்தான் இருப்பார்.

"உட்காருங்கம்மா. தலையில அடிபட்டுடுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லை. போர்டுல விரிசல் விட்டிருக்கான்னு பாருங்க" என்றாள் வந்தவள்.

ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கை வரை பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்புகள். மட்டக்கோல் பூதக்கண்ணாடியை எடுக்காமலே அவற்றைக் கவனித்துவிட்டார். அதில் அவருக்குப் பெருமை.

"சமையல் வேலை பார்க்கறீங்க. எண்ணெய் தெறிச்ச தழும்பு."

"வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன்."

"நெருப்புன்றது வரைக்கும் சரியா வந்துட்டேன் பார்த்தீங்களா."

"மாமா பாதிக் கேஸை இந்த அளவுல நிறுத்திடுவாரு" என்றான் மூலையிலிருந்து பிரஷ். அவர் மனைவியின் தம்பி. நாற்பது வயது, ஒல்லி, எந்நேரமும் உதட்டில் விசில். கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். ஒரு எழுத்துக்கு ஒன்பது கதை பேசுகிறான் என்று கடைக்காரர்கள் எல்லோரும் விரட்டிவிட்டதில் அக்கா வீட்டுக்காரருக்கு உதவியாளனாகிவிட்டான். "டீ ஊத்தவாம்மா? பிளாஸ்க் இருக்கு, மூடிதான் இல்லை. தட்டு போட்டு மூடியிருக்கோம்."

"அந்த மூடியைத் தொலைச்சு எட்டு மாசமாச்சு" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஊர்ல இருக்கறதையெல்லாம் கண்டுபிடிக்கறாராம்."

மட்டக்கோல் இருமினார். "சொல்லுங்கம்மா."

வெல்டரம்மா ஒரு காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். சொத்து வரி மதிப்பீட்டு அறிவிப்பு. அவளும் கணவரும் தாங்களே ஜல்லி சுமந்து கட்டிய ஒற்றை வீடு. கணவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்த வீட்டுக்குக் காகிதத்தில் இப்போது மாடி முளைத்திருந்தது. 'முதல் தளம்: அறை ஒன்று, பால்கனி ஒன்று, வாடகைக்கு விடப்பட்டுள்ளது. குடியிருப்பவர்: ஆண் ஒருவர்.'

"மாடியே கிடையாதுண்ணே. மேல ஏறப் படி கூட இல்லை. மேல்முறையீடு எழுதிப் போட்டேன். இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை."

"வரி ஏறிடுச்சு. அதைக் குறைக்கணும்" என்றார் மட்டக்கோல்.

"வரியை விடுங்க. இன்னும் நாலு கேட் அடிச்சுக் குடுத்தா கட்டிடலாம்." அவள் விரல் காகிதத்தின் கடைசி இரண்டு வார்த்தைகளில் நின்றது. "இது எப்படிப் போகும்? காகிதத்தைப் படிச்சுச் சொல்லுங்கன்னு மருமகன்கிட்ட நானே குடுத்தேன். படிச்சாரு. மடிச்சாரு. போயிட்டாரு. ரெண்டு மாசமா என் பொண்ணு போன் எடுக்கலை. மேல ஒரு ஆம்பளையை வச்சிருக்கேன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்துருக்கு. இல்லைன்னு நான் சொன்னா யாரு நம்புவா? எனக்கு அந்த ஆள் வேணும். மூணு மணிக்குள்ள."

பிரஷ்ஷின் விசில் ஒரு நொடி நின்றது. மட்டக்கோல் எழுந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வாங்க தங்கச்சி. அந்த ராஸ்கலைப் பிடிச்சுருவோம்."

ராஸ்கல் என்று சொன்னதற்காக அன்று மாலைக்குள் அவர் வருத்தப்பட வேண்டியிருந்தது.

* * *

வெல்டரம்மாவின் வீடு ஒட்டு வீடுகளின் வரிசையில் நடுவிலிருந்தது. ஒரு வீட்டின் மொட்டை மாடி முடியும் இடத்தில் அடுத்த வீட்டுடையது தொடங்கும். நடுவில் முழங்கால் உயரச் சுவர் மட்டும். தெருவிலிருந்து பார்த்தால் மேலே ஆகாயம்தான் தெரிந்தது. மட்டக்கோல் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு முறை நடந்தார். படி எங்கும் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். நேராக இருந்தது. உள்ளுக்குள் லேசாகப் பொறாமைப்பட்டார்.

"மேல ஏதாவது சத்தம் கேட்டுருக்கா?"

"நான் ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனா ராத்திரி ஏழுக்குத்தான் வருவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வீடு. போன வருஷம் ஒரு மூணு ஞாயிறு, மேல ஏதோ நடந்துச்சு. பூனைன்னு நெனச்சேன். நல்ல கனமான பூனை."

"பூனை இல்லை தங்கச்சி" என்றார் மட்டக்கோல், குரலைத் தாழ்த்தி. "ஆள்."

எதிர்வரிசையில் ஓர் இழுவைக் கேட் வைத்த வீடு. அதையடுத்த கட்டடத்தின் இரண்டாம் மாடி சன்னலில் ஒரு மூக்குக்கண்ணாடி பளபளத்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வகுப்பு இல்லாததால் இப்போது தெருவைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்.

வெல்டரம்மாவைக் கீழே விட்டுவிட்டு மாமனும் மச்சானும் படியேறினார்கள். டீச்சர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. நிற்கவைத்தே பாடம் நடத்தினார்.

"பார்த்தேனே. இதே சன்னல்ல இருந்து மூணு வாரம் பார்த்தேன். வயசு ஐம்பது இருக்கும். பெரிய தொந்தி. மண்டை நல்ல வழுக்கை, வெயில்ல மின்னும்."

மட்டக்கோல் நோட்டை எடுத்து வேகமாக எழுதினார். தொப்பிக்கடியில் வியர்த்தது. அவருக்கு வழுக்கையில்லை, நெற்றி கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். முப்பது வயதிலிருந்தே அப்படித்தான் சொல்லிவந்தார்.

"வேலைக்குப் போவானா?"

"எங்க போறது? காலையில எட்டு மணிக்கு உட்கார்ந்தா சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் அசைய மாட்டான். மூக்கை நோண்டுவான். தூங்குவான். ஒரு நாள் காக்கா வந்து அவன் தலையில உட்கார்ந்துச்சு. அஞ்சு நிமிஷம் அவனுக்கே தெரியலை."

'சுற்றுப்புறக் கவனம் சுத்தமாக இல்லை' என்று எழுதிக்கொண்டார் மட்டக்கோல். "சீ. இப்படியும் சில ஜென்மங்க."

"மத்தியானம் ஒருத்தன் அடுக்கு டப்பால சாப்பாடு கொண்டு வருவான். பின்பக்கமா, கிடங்கு வழியா ஏறி வருவான். ஒல்லி ஆளு. எப்பப் பாரு விசில்."

"கூட்டாளி" என்றார் மட்டக்கோல். "ரெண்டு பேர். மச்சான், கேட்டியா?"

பிரஷ் சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு இழுவைக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மட்டக்கோலை உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே."

"பேப்பர்ல பார்த்திருப்பீங்க" என்றார் மட்டக்கோல், பணிவாக. அவர் பேப்பரில் வந்தது ஒரே ஒரு முறை. காணாமல்போன தன் பூதக்கண்ணாடியைக் கேட்டு அவரே கொடுத்த விளம்பரம் அது.

படியிறங்கும்போது அவர் மனம் பரபரத்தது. இவ்வளவு துல்லியமான அடையாளம் அவருக்கு எந்தக் கேஸிலும் கிடைத்ததில்லை. "வேலைவெட்டி இல்லாத ஆளு, சாப்பாடு வெளியில இருந்து வருது, வெளியில தலைகாட்ட மாட்டேங்கறான். தலைமறைவுக் குற்றவாளி மச்சான், சந்தேகமே இல்லை. அது சரி, ஏன் விசிலைக் காணோம்?"

"வாய் வலிக்குது மாமா."

உதவியாளனாக இருந்த பதினோரு வருஷத்தில் பிரஷ்ஷுக்கு என்னென்னவோ வலித்ததுண்டு, வாய் மட்டும் வலித்ததில்லை. மட்டக்கோல் அதைக் கவனித்தார். கவனித்ததோடு விட்டுவிட்டார்.

* * *

வெல்டரம்மா பட்டறையிலிருந்து இரும்பு ஏணி கொண்டுவந்து சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கொத்தனாராக இருந்த காலத்தில் சட்டியோடு சாரம் ஏறிய கால்கள் இப்போது ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்தன. அதற்குப் பிறகு சேர்ந்த தொந்தி ஏணிக்கும் அவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக வந்தது.

மொட்டை மாடியில் ஒன்றுமில்லை. வெயில், ஒரு மூலையில் நாலு செங்கல் அடுக்கி ஒரு ஆசனம், பக்கத்துச் சுவரில் கொடி கட்டிய ஆணி, தரையில் பச்சை பெயிண்ட் துளிகள். மட்டக்கோல் முட்டிபோட்டுப் பூதக்கண்ணாடியால் தரையைத் தேய்த்துக்கொண்டு போனார். செங்கலுக்குப் பின்னால் ஏதோ மின்னியது.

எடுத்துப் பார்த்தார். எவர்சில்வர் மூடி. ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

அந்தப் பொட்டை அவருக்குத் தெரியும். சாமான் மாறிப்போகக் கூடாது என்று அவர் மனைவி வீட்டிலிருக்கும் கரண்டி வரைக்கும் வைக்கும் பொட்டு.

மட்டக்கோலின் முகம் சிவந்தது. "மச்சான். அந்தத் திருட்டுப் பய நம்ம வீட்டுலயும் கைவச்சிருக்கான்."

பிரஷ் நீண்ட மூச்சு விட்டான். "மாமா. அந்தச் செங்கல் மேல உட்காருங்க."

"எதுக்கு?"

"உட்காருங்களேன்."

உட்கார்ந்தார். செங்கல் சுகமாக இருந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

"இப்ப நேரா பாருங்க. கீழ, கேட்டுக்குள்ள. என்ன தெரியுது?"

"கார். ரெண்டு பக்கக் கண்ணாடியும் முழுசா இருக்கு. எப்பவும் இடது கண்ணாடி உடைஞ்சுதானே…"

வாக்கியம் அங்கேயே நின்றது.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் அவரைத் தன் கிளினிக்குக்குக் கூப்பிட்டனுப்பினார். தன் காரின் பக்கக் கண்ணாடியை யாரோ அடிக்கடி உடைப்பதாகவும், வீட்டுக்கு வந்தால் ஆள் உஷாராகிவிடுவான் என்றும், பின்தெருக் கிடங்கின் மேலே ஏறினால் தன் கேட் தெரியும் என்றும் சொன்னார். கிடங்குக்காரரிடம் அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். மட்டக்கோல் ஏறினார். கிடங்கின் மேலிருந்து கேட் பாதிதான் தெரிந்தது. முழங்கால் சுவரைத் தாண்டி அடுத்த மாடிக்குப் போனால் முழுசாகத் தெரிந்தது. தாண்டினார். அது யார் வீடு என்று கேட்கத் தோன்றவில்லை. எதிரே பார்க்கத்தான் வந்திருந்தார். கீழே பார்ப்பது கேஸில் இல்லை.

மறைவுக்கு பிரஷ் ஒரு பிளைவுட் பலகை கொண்டுவந்தான். அதில் காரைச் சுவர் வரைந்தான், பச்சைச் சன்னல் வரைந்தான், கம்பிக் கைப்பிடி வரைந்து அதன்மேல் ஒரு பூந்தொட்டியும் வைத்தான். பக்கங்களில் தார்ப்பாய், மேலே கூரை இல்லை. இயல்பாக இருக்கட்டும் என்று மட்டக்கோல் தன் பனியன் இரண்டைத் துவைத்துக் கொடியில் போட்டார். சன்னலிலிருந்த ஓட்டை வழியாக மூன்று வாரம் பார்த்தார். கடைசியில் தெரிந்தது, டாக்டரே காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்துக்கொள்கிறார் என்பது. டாக்டர் அதுவரை இருந்த மஞ்சள் கேட்டைக் கழற்றிவிட்டு இழுவைக் கேட் போட்டுக்கொண்டார்.

அதனால்தான் காலையில் எதிரிலிருந்த வீட்டை மட்டக்கோலுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று வாரம் ஒரு வீட்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப அந்த வேலைவெட்டி இல்லாத ஆளு…"

"நீங்கதான் மாமா."

"மூக்கு நோண்டறது…"

"அதுவும் நீங்கதான். நான் டீச்சரைத் தப்பு சொல்ல மாட்டேன்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"விசில்னு அந்தம்மா சொன்னதும் லேசா. கேட்டை உத்துப் பார்த்ததும் முழுசா." பிரஷ் தலையைச் சொறிந்தான். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சந்தோஷம் அவன் முகத்தில் மெல்லப் பரவியது. "ஆனா மாமா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. என் சன்னலுக்கு வரி போட்டிருக்காங்க. பூந்தொட்டியைப் பார்த்துட்டு பால்கனின்னு எழுதியிருக்காங்க. ஒரு கடைக்காரன் என் எழுத்தை மதிச்சதில்லை. அரசாங்கம் மதிச்சிருக்கு."

"வாயை மூடு மச்சான்."

ஏணியில் இறங்குவது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கீழே நின்றவளிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படியிலும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். தரைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"தங்கச்சி. ஆள் கிடைச்சுட்டான்."

வெல்டரம்மா அவருடைய மண்டையைப் பார்த்தாள். வெயிலில் அது மின்னியது. கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். முழுக் கதையையும் அவர் சொல்லி முடிக்கும்வரை ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதை மேல இருக்கும்போதே சொல்லியிருந்தீங்கன்னா" என்றாள் கடைசியில், "ஏணியை எடுத்துட்டுப் போயிருப்பேன்."

"நியாயம்."

"மூணு மணிக்கு இதையெல்லாம் அங்க வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன். ஆதாரத்தோட சொல்றேன்."

"என்ன ஆதாரம்? பலகை எங்க?"

மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலையில நீங்க தலையில இடிச்சுக்கிட்டீங்களே" என்றான் பிரஷ். "அதோட மறுபக்கம்."

* * *

பலகையைக் கழற்றும்போது பிரஷ் ஒரு பக்க ஆணியோடு நின்றுவிட்டான்.

"மாமா, இந்தப் பக்கம் 'துப்பறியும் நிலையம்'னு கொட்டையா எழுதி நம்ம விலாசமும் போட்டிருக்கேன். இது வீடுன்னுதான் வரிக் கணக்குல இருக்கு. இங்க தொழில் நடக்குதுன்னு வரி போடறவங்க கிட்டயே தூக்கிட்டுப் போய்க் காட்டப் போறோம். தொழில் எடத்துக்கு வரி வேற. வீடு யாரு பேர்ல இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?"

மட்டக்கோலுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே போய் மனைவியிடம் மூடியைக் கொடுத்துவிட்டு, "சாயந்திரம் ஒரு விஷயம் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மூடி கிடைத்த ஆச்சரியத்தில் அவள் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அவளை வாயடைக்க வைத்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. அனுபவிக்க நேரமில்லை. பலகை ஏற்கெனவே வெல்டரம்மாவின் மூன்று சக்கர வண்டியில் ஏறியிருந்தது.

விசாரணை அறையில் மேல்முறையீட்டு அதிகாரி, ஒரு குமாஸ்தா, ஒரு மின்விசிறி, கட்டுக் கட்டாகக் கோப்புகள். அதிகாரி அறுபதை எட்டப்போகும் அம்மாள். ஒவ்வொரு கோப்பாக மூடும்போதும் ஒரு மிடறு வெந்நீர் குடித்தார். எதிரே மதிப்பீட்டாளர் மடக்கிய குடையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் ஊரையே அளந்தவர்.

"உள்ள போனா தண்ணி குடுப்பாங்க, அழுவாங்க, மனசு மாறும்" என்று விளக்கினார் அவர். "அதனால தெருவுலயே நின்னு எண்ணுவேன். சன்னல் இருந்தா அறை. பூந்தொட்டி இருந்தா பால்கனி. கொடியில துணி காய்ஞ்சா குடித்தனம். அங்க ரெண்டு பனியன் காய்ஞ்சுது. ஆம்பளை பனியன். அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லைன்னு பதிவு இருக்கு. அப்ப வாடகைக்காரர்தானே?"

அதிகாரி வெல்டரம்மாவைப் பார்த்தார். வெல்டரம்மா மட்டக்கோலைப் பார்த்தாள். மட்டக்கோல் பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்தார்.

பச்சைச் சன்னல். கம்பிக் கைப்பிடி. பூந்தொட்டி.

மதிப்பீட்டாளர் எழுந்து கிட்டே வந்தார். விரலால் பூவைத் தொட்டார். விரலைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார் மெல்ல.

"நன்றிங்க" என்றான் பிரஷ்.

மட்டக்கோல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டருக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையின் நகலைக் காட்டினார். மாடியும் அறையும் பால்கனியும் அதோடு விழுந்துவிடும் என்று நினைத்தார். விழுந்தன. ஆனால் மதிப்பீட்டாளர் உட்காரவில்லை.

"அறை இல்லை, ஒத்துக்கறேன். ஆனா அம்மா, இவரு துப்பறிவாளர்னு சொல்றாரு. ஒரு துப்பறிவாளர் யார் வீட்டு மேல இருக்கோம்னு தெரியாம மூணு வாரம் உட்கார்ந்திருப்பாரா? அந்தம்மா சம்மதத்தோடதான் இருந்திருப்பாரு. குடியிருந்த ஆள்னு நான் எழுதினதைத் தப்புன்னு எப்படி எடுக்கறது?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அது கேள்விதான்."

வெல்டரம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு வார்த்தைகள் போவது. அவை அப்படியே நின்றன.

மட்டக்கோலுக்கு விஷயம் புரிந்தது. அவர் கெட்டிக்காரர் என்றால் வெல்டரம்மாவுக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்திருக்கிறது. அவளுக்கு எதுவும் தெரியாது என்றால் அவர் முட்டாள். இரண்டில் ஒன்றைத்தான் இந்த அறை நம்பும். பதினோரு வருஷமாக முதலாவதை ஊருக்கு நம்பவைக்கப் படாதபாடு பட்டிருந்தார். ஒருவரும் நம்பியதில்லை. இன்றைக்கு மட்டும் ஒருவர் நம்பித் தொலைத்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார்.

"இன்னிக்குக் காலையில எழுதினதுங்க. மேல இருந்தது யாருன்னு தேடிக்கிட்டுப் போனப்ப. சத்தமா படிங்கம்மா."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'சந்தேக நபர். வயது ஐம்பது. பெருந்தொந்தி. முழு வழுக்கை. உழைப்பை அறியாத உடம்பு. மூக்கு நோண்டும் பழக்கம். தலையில் காகம் உட்கார்ந்தாலும் உணராதவன். சுற்றுப்புறக் கவனம் சுத்தமாக இல்லை. அறிவு மிகக் குறைவு. பெரும்பாலும் தலைமறைவுக் குற்றவாளி. இவனைப் பிடித்ததும் நாலு அறை விட வேண்டும்.'" நிமிர்ந்தார். அவருடைய பார்வை மட்டக்கோலின் தொந்தியில் தொடங்கி மெதுவாக மேலேறி மண்டையில் வந்து நின்றது. "இது நீங்கதானா?"

"நான்தாங்க."

"உங்களையே தேடினீங்க."

"பதினோரு மணி வரைக்கும் தேடினேங்க. எதிர்ல இருக்கற டீச்சரைக் கேட்டுப் பாருங்க, அவங்ககிட்ட நின்னு எழுதினதுதான் இது."

அதிகாரி வெந்நீரை எடுத்தார். குடிக்க முடியவில்லை, தோள்கள் குலுங்கின. டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதிப்பீட்டாளர் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"திருப்தியா?" என்றார் அதிகாரி அவரிடம்.

"இவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைங்க" என்றார் மதிப்பீட்டாளர், மனப்பூர்வமாக.

அதிகாரி உத்தரவைச் சொல்லச் சொல்ல குமாஸ்தா தட்டச்சு செய்தார். முதல் தளம் என ஒன்று இல்லை. அறையும் பால்கனியும் ஓவியம். குடியிருப்பவர் என்ற பதிவு நீக்கப்படுகிறது.

"அம்மா" என்றாள் வெல்டரம்மா. "நீக்கினா மட்டும் போதாது. அது யாருன்னும் எழுதுங்க."

அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். குமாஸ்தாவிடம் திரும்பினார். "எழுதுங்க. 'மேற்படி மாடியில் காணப்பட்ட ஆண், வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமல் அத்துமீறி உட்கார்ந்திருந்த, திறமை குறைந்த துப்பறிவாளர் என்பது அவரது சொந்தக் குறிப்பேட்டின் மூலம் ஐயமின்றி நிரூபணமாகிறது.'"

"'மிகவும் குறைந்த'ன்னு போடலாமாங்க?" என்றான் பிரஷ். "கேஸ் இன்னும் பலமாகும்."

"மச்சான்."

உத்தரவு மூன்று நகல்களாக வந்தது. மூன்றிலும் முத்திரை. மூன்றிலும் மட்டக்கோல் கையெழுத்துப் போட்டார். பலகையைத் தூக்கப் போனபோது அதிகாரி கை காட்டினார்.

"அது ஆதாரம். இங்கதான் இருக்கும்." எழுந்து வந்து பலகையைத் திருப்பினார். மறுபக்கத்தில் இருந்ததை நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். விலாசத்துக்கு வந்ததும் மதிப்பீட்டாளர் தன் நோட்டைத் திறந்தார்.

"இந்த எடம் வீடுன்னுல்ல நம்ம பதிவுல இருக்கு" என்றார் அவர்.

"நீங்க வரும்போது தெருவுலயே நின்னு பாருங்க" என்றார் மட்டக்கோல் சோர்வாக. "உள்ள வந்தா என் சம்சாரம் பேசுவாங்க. மனசு மாறாது, ஆனா வலிக்கும்."

வெளியே வராந்தாவில் வெல்டரம்மா உத்தரவைப் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மட்டக்கோலும் பிரஷ்ஷும் போகாமல் நின்றார்கள். ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. பிரஷ் விசிலடிக்கவில்லை.

போன் அடித்தது.

அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் முதலில் பேச்சு வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அடக்கி, உடைந்து, அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு. மூன்றடி தள்ளி நின்றவர்களுக்கே கேட்டது. "அம்மா" என்றாள் மகள். அதற்குப் பிறகு நிறையச் சொன்னாள். வெல்டரம்மா "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டே புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மகளின் குரல் மறுபடி உயர்ந்தது.

"ஏம்மா, யாரும்மா அந்த மடையன்?"

வெல்டரம்மா திரும்பி மட்டக்கோலைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

"இதோ, பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசறியா?"

மட்டக்கோல் தொப்பியைக் கழற்றிவிட்டு, போனை வாங்கக் கையை நீட்டினார்.